முன் இடது பக்கம் சின்ன ஸ்பேர் டயர் மாட்டியிருக்கு, இதோட நாளைக்குப் பினாங்கு போகலாமா?

யோகேஸ் (செந்தூல்) – சனி, இரவு 9:20

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. செடான் கார், முன்சக்கர இழுவை, சிவிடி (ஆட்டோ கியர்ல ஒரு வகை) கியர். இன்னைக்குச் சாயங்காலம் முன் இடது டயர் பஞ்சர். பூட்டில் (பின்பக்கச் சாமான் பெட்டி) இருந்த சின்ன ஸ்பேரை மாட்டியாச்சு. நாளைக்குக் காலையில நாலு பேர், சாமான்களோட பினாங்கு பட்டர்வொர்த் போகணும்.

ஓடுற டயர் 185/60 ஆர்15. ஸ்பேர்ல போட்டிருக்கிறது டி125/70 ஆர்15 95எம், 420 கேபிஏ, 60 பிஎஸ்ஐ (ரெண்டும் ஒரே காற்றழுத்தம், வேற வேற அளவுல). ரிம்மில ஒட்டின மஞ்சள் ஸ்டிக்கர்ல உச்ச வேகம் 80 கி.மீ.னு இருக்கு. காற்று அளந்து பார்த்தா 34 பிஎஸ்ஐதான்.

80ஐத் தாண்டாம ஓட்டினா பினாங்கு வரைக்கும் தாங்குமா? 95எம்ல உள்ள எம் எழுத்துக்கு 130 கி.மீ.னு சொல்றாங்க, ஸ்டிக்கர்ல 80, எதை நம்புறது? மற்ற டயருக்கெல்லாம் 33தானே அடிக்கிறோம், இதுக்கும் 34 போதாதா? வழுக்கல் எச்சரிக்கை விளக்கு வேற எரியுது. பஞ்சர் ஆன டயர்ல ஆணி நடுப்பட்டையில குத்தியிருக்கு, ஆனா காற்று இறங்கின பிறகு கொஞ்ச தூரம் ஓடியிருக்கு. ஒட்டலாமா, புதுசு வாங்கணுமா?


சுப்ரா (டயர் கடை, ஜாலான் ஈப்போ) – இரவு 9:48

தம்பி, இந்த ஸ்பேரோட பினாங்கு வேண்டாம். நாளைக் காலையில் முதல் வேலை டயர் கடை, அதுக்கப்புறம் பயணம்.

அதுக்கும் முன்னாடி ஒண்ணு. காற்றை இன்னைக்கு ராத்திரியே 60க்கு ஏத்துங்க. பெட்ரோல் ஸ்டேஷன் மெஷின் கேபிஏ கணக்குல இருந்தா 420. மெஷின் அவ்வளவு ஏறலைன்னா காலையில் மெதுவா, பக்கத்துக் கடை வரைக்கும் மட்டும் ஓட்டுங்க. ஹைவே பக்கம் போக வேண்டாம்.

34 ஏன் போதாது? காரோட எடையைத் தாங்குறது ரப்பர் இல்லை, உள்ளே இருக்கிற காற்று. உங்க 185 டயருக்கு அகலமும் உயரமும் இருக்கு, உள்ளே இடம் அதிகம், அதனால 33லயே எடை தாங்கிடும். 125 டயர் ஒல்லி. அதே எடையை அது சுமக்கணும்னா காற்றழுத்தம் கூடத்தான் வேணும். 95ங்கிற எண் 690 கிலோ தாங்கும்னு சொல்லுது, ஆனா அது 420 கேபிஏ இருக்கும்போது மட்டும். 34ல ஓட்டினா பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி மடங்கி நிமிரும், சூடு ஏறும், கடைசியில் நூலும் ரப்பரும் பிரிஞ்சு வெடிக்கும். ஸ்பேர் வெடிக்கிறதுக்குக் காற்று பார்க்காததும் ஒரு முக்கியக் காரணம். எந்த டயரா இருந்தாலும் சும்மா கிடந்தாலே மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு பிஎஸ்ஐ இறங்கும். வருஷக்கணக்கா யாரும் பார்க்காத ஸ்பேர்ல 34 இருந்தது ஆச்சரியமே இல்லை.

எம், 80 ரெண்டுமே சரிதான். எம் என்பது டயர் எந்த வேகம் வரைக்கும் தாங்கும்னு டயர் கம்பெனி சோதிச்சுச் சொல்றது. 80 என்பது மூணு சக்கரம் ஒரு மாதிரி, ஒரு சக்கரம் வேற மாதிரி இருக்கிற காருக்குக் கார் கம்பெனி வைச்ச எல்லை. பிரேக் அடிக்கும்போது, வளைவுல திரும்பும்போது கார் எப்படி நடந்துக்கும்னு பார்த்து வைச்சது. ரெண்டு எண் இருந்தா குறைஞ்சதைத்தான் எடுத்துக்கணும்.

தூரத்தைப் பற்றி ஸ்டிக்கர் பேசாது, காரோட கையேடு பேசும். சிலதுல 80 கி.மீ.னு எண்ணே இருக்கும், சிலதுல பக்கத்துப் பட்டறை வரைக்கும்னு மட்டும் இருக்கும். கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த் ஏறக்குறைய 350 கி.மீ. 80 கி.மீ. கணக்கு தஞ்சோங் மாலிம் பக்கமே முடிஞ்சுடும். அதுக்குமேல ஈப்போ இருக்கு, மெனோரா சுரங்கப்பாதை ஏற்ற இறக்கம் இருக்கு, தைப்பிங் மழை இருக்கு.


லோகன் (பெட்டாலிங் ஜெயா) – இரவு 10:15

சுப்ரா அண்ணன் சொன்னதோட, எரியுற விளக்குக்கும் முன்சக்கரத்துக்கும் உள்ள சம்பந்தத்தையும் சொல்லணும். உங்க காருக்கு இதுதான் முக்கியம்.

185/60 ஆர்15 டயரோட மொத்த விட்டம்: ரிம் 381 மி.மீ., மேலும் கீழும் பக்கச் சுவர் 111, 111 (185ல 60 விழுக்காடு). ஆக 603. ஸ்பேருக்கு 381, அதோட 87.5 ரெண்டு தடவை, ஆக 556. வித்தியாசம் 47 மி.மீ., கிட்டத்தட்ட 8 விழுக்காடு. ஒரு கி.மீ. ஓட நல்ல டயர் சுமார் 528 சுற்று சுத்தும், ஸ்பேர் சுமார் 572. கி.மீ.க்கு 44 சுற்று கூடுதல். பட்டர்வொர்த் போய்ச் சேரும்போது இடது சக்கரம் வலதைவிட 15,000 சுற்றுக்கு மேல அதிகமா சுத்தியிருக்கும்.

இந்த வித்தியாசத்தை யார் சமாளிக்கிறது? டிஃபரன்ஷியல். ரெண்டு முன்சக்கரமும் வேற வேற வேகத்தில் சுத்த விடுற பற்சக்கரத் தொகுதி அது. நேர் ரோட்டில் அதுக்குள்ளே இருக்கிற சின்னப் பற்சக்கரங்களுக்கு வேலையே இல்லை, வளைவுல திரும்பும்போது மட்டும் கொஞ்சம் சுத்தும். முன்னாடி சின்ன ஸ்பேர் இருந்தா நேர் ரோட்டிலயும் இடைவிடாம, இழுவையோட சேர்ந்து சுத்திக்கிட்டே இருக்கும். நாலு அஞ்சு கி.மீ.க்கு ஒண்ணும் ஆகாது. நாலரை மணி நேரம் தொடர்ந்து சுத்தினா எண்ணெய் சூடாகும், பற்கள் தேயும். உங்க மாதிரி சிவிடி கார்ல டிஃபரன்ஷியல் பெரும்பாலும் கியர்பெட்டிக்குள்ளேயே, அதே எண்ணெயில்தான் இருக்கும். இங்கே தேய்ஞ்ச இரும்புத்தூள் அங்கேயும் போகும். கியர்பெட்டி செலவுக்கு நாலு புது டயர் வாங்கிட்டு மிச்சமும் இருக்கும்.

எச்சரிக்கை விளக்கு பழுதைக் காட்டலை. நாலு சக்கரத்திலயும் வேக சென்சார் இருக்கு. ஒண்ணு மட்டும் 8 விழுக்காடு வேகமா சுத்துறதைப் பார்த்து, சக்கரம் வழுக்குதுன்னு கணினி நினைக்குது. சில கார்ல இந்த நிலையில வழுக்கல் கட்டுப்பாடு தானாவே நின்னுடும். மழை ரோட்டில் அந்த உதவி கிடைக்காதுன்னு வைச்சுக்கிட்டுத்தான் ஓட்டணும். சரியான அளவு டயர் மாட்டினதும் பெரும்பாலும் விளக்கு தானா அணைஞ்சுடும். அப்படியும் அணையலைன்னா அப்போ ஸ்கேன் பண்ணிப் பாருங்க.

இன்னொண்ணு, அந்த மூலையில் கார் 23 மி.மீ. போல இறங்கியிருக்கும். வேகத்தடை, வீட்டு வாசல் ஏற்றம் எல்லாம் முன் இடது பக்கம் அடிபடாமப் பார்த்து ஏத்துங்க.


வாசுகி (பிறை) – இரவு 10:40

லோகன் சொன்ன காரணத்துக்காகத்தான் முன்சக்கர இழுவைக் கார்ல சின்ன ஸ்பேரைப் பின்னாடி மாட்டணும்னு சொல்றது. பின்சக்கரம் சும்மா உருளுது, ரெண்டுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. ஸ்டீயரிங், இழுவை, பிரேக்கோட பெரும்பங்கு எல்லாம் முன்னாடிதான், அங்கே ரெண்டும் நல்ல டயரா இருக்கணும். பெரிய பிரேக் காலிப்பர் (பிரேக் பிடிக்கிற கவ்வி) உள்ள சில கார்ல சின்ன ரிம் முன்னாடி நுழையவே நுழையாது, அப்போ வேற வழியும் இல்லை.

முன் டயர் பஞ்சர் ஆனதும் செய்தா ரெண்டு தடவை ஜேக் போட்டா போதும். முதல்ல பின்பக்கம் தூக்கி நல்ல டயரைக் கழட்டி ஸ்பேரை மாட்டணும். இறக்கிட்டு முன்பக்கம் தூக்கி, பஞ்சர் டயர் இருந்த இடத்தில் அந்த நல்ல டயரை மாட்டணும். ரெண்டும் ஒரே பக்கமா இருக்கட்டும். அம்புக்குறி போட்ட டயரா இருந்தா பக்கம் மாத்தவே கூடாது.

யோகேஸ் தம்பிக்கு ஸ்பேர் ஏற்கெனவே முன்னாடி இருக்கிறதால மூணு தடவை ஆகும். பின்பக்கம் தூக்கி நல்ல டயரை எடுத்துட்டு, பஞ்சர் டயரையே தற்காலிகமா அங்கே மாட்டி இறக்கணும் (கார் நகரக் கூடாது). முன்பக்கம் தூக்கி ஸ்பேரை எடுத்து நல்லதை மாட்டணும். திரும்பவும் பின்பக்கம் தூக்கி பஞ்சர் டயரை எடுத்துட்டு ஸ்பேரை மாட்டணும். சமதளமான போர்ச்சா இருந்தாத்தான் செய்யணும். ரோட்டோரத்தில் இந்த வேலை வேண்டவே வேண்டாம். பத்து கி.மீ.க்குள்ள கடை இருந்தா ஸ்பேரை முன்சக்கரத்திலேயே விட்டுட்டு 60 பிஎஸ்ஐயோட மெதுவா போறதுதான் நல்லது. பூட்டில் வர்ற கத்தரி ஜேக்ல மூணு தடவை தூக்குற ஆபத்து, பத்து கி.மீ. தேய்மானத்தைவிடப் பெருசு.


யோகேஸ் (செந்தூல்) – இரவு 10:58

நன்றி. வீட்டு வாசல் கொஞ்சம் சரிவு, அதனால மாத்தலை. நட்டு எவ்வளவு முடுக்கணும்? கையில இருக்கிறது காரோட வந்த எல் வடிவ ஸ்பானர் மட்டும்தான். காலை வைச்சு மிதிச்சு முடுக்கியிருக்கேன். ரிம் கடைசியா போட்டது கடை அலாய், கம்பெனி ரிம் இல்லை. அதே நட்டுதான் ஸ்பேருக்கும் போட்டிருக்கு.


சுப்ரா (டயர் கடை, ஜாலான் ஈப்போ) – இரவு 11:20

இதை முதல்லயே சொல்லியிருக்கணும் தம்பி. அந்த நட்டை இப்பவே டார்ச் அடிச்சுப் பாருங்க.

கடை அலாய் ரிம்முக்கு வர்ற நட்டு வேற, கம்பெனி ரிம்முக்கு வர்றது வேற. நட்டோட உட்காரும் முகம் சிலதுல கூம்பா இருக்கும், சிலதுல உருண்டையா இருக்கும், சிலதுல தட்டையா வாஷரோட இருக்கும். ரிம்மோட துளையும் அதே வடிவத்தில் இருந்தாத்தான் முழுசா பிடிக்கும். ஸ்பேரோட இரும்பு ரிம்மில் வேற வடிவ நட்டு போட்டா முடுக்கும்போது இறுக்கமா இருக்கிற மாதிரி தெரியும், ஆனா விளிம்புல மட்டும் தொட்டுக்கிட்டிருக்கும், ஓட ஓடத் தளரும். நீளமான குழல் நட்டா இருந்தா மெல்லிய இரும்பு ரிம்மில் அடிவரைக்கும் போய், ஸ்டட் (நட்டு ஏறுற திருகுக் கம்பி) முனையில் முட்டி நின்னுடும், ரிம்மை அழுத்தவே அழுத்தாது. முடுக்கின பிறகு சக்கரத்தைக் கையால ஆட்டிப் பாருங்க, துளைக்கும் நட்டுக்கும் நடுவில் இடைவெளி தெரியுதான்னு பாருங்க. சந்தேகம் இருந்தா ஓட்டாதீங்க. கடையிலிருந்து நட்டோட ஆளை வரச் சொல்லலாம், இல்லைன்னா உங்க காப்புறுதியோட சாலை உதவி எண்ணைக் கூப்பிடுங்க. பல காப்புறுதியில் டயர் மாத்துறதும் இழுத்துட்டுப் போறதும் சேர்ந்தே இருக்கு. கடை ரிம் போடுறவங்க கம்பெனி நட்டு ஒரு செட்டை ஸ்பேர் கிடக்கிற குழியிலேயே ஒரு பையில் போட்டு வைக்கணும். பூட்டு நட்டு இருந்தா அதோட சாவியும் அங்கேயே இருக்கட்டும்.

முடுக்குற அளவு: 12 மி.மீ. ஸ்டட் உள்ள சின்ன, நடுத்தரக் கார்களுக்குப் பொதுவா 100லிருந்து 110 நியூட்டன் மீட்டர். உங்க காரோட சரியான எண் கையேட்டில் இருக்கும். எல் ஸ்பானர் ஏறக்குறைய 30 செ.மீ. நீளம். நுனியில் 35 கிலோ அளவுக்கு அழுத்தினாலே 100 வந்துடும். உடம்பு எடை முழுசையும் போட்டு மிதிச்சா அதுக்கு இரண்டு மடங்கு போயிடும், ஸ்டட் இழுபட்டு நீளும், மரையும் போகும். கையால நல்லா அழுத்தி முடுக்கினா போதும்.

வரிசையும் முக்கியம். சக்கரம் தூக்கின நிலையில் எல்லா நட்டையும் விரலால ஏத்தி, எதிரெதிரா லேசா முடுக்கணும், அப்பத்தான் ரிம் ஹப்புல (சக்கரம் மாட்டுற நடுப்பகுதி) சமமா உட்காரும். இறக்கின பிறகு அதே எதிரெதிர் வரிசையில் முழுசா முடுக்கணும். ஒரே சுற்றா வரிசையா முடுக்கினா ரிம் சாய்ஞ்சு உட்காரும், கொஞ்சம் ஓடினதும் தளரும். ஸ்டட்ல கிரீஸ், எண்ணெய் தடவாதீங்க. வழுக்கலா இருந்தா அதே பலத்துக்கு நட்டு அதிகமா இறுகும். 50 கி.மீ. ஓடின பிறகு இன்னொரு தடவை பார்த்துக்கணும்.


லோகன் (பெட்டாலிங் ஜெயா) – இரவு 11:35

டயரை ஒட்டலாமாங்கிற கேள்வி பாக்கி இருக்கு.

ஆணி நடுப்பட்டையில், துளை 6 மி.மீ.க்குள்ளன்னா ஒட்டலாம். தோள் பகுதியும் (பட்டையோட ஓரம்) பக்கச் சுவரும் மடங்கி நிமிர்ற இடம், அங்கே எந்த ஒட்டும் நிக்காது. உங்க விஷயத்தில் துளையைவிட முக்கியமானது காற்றில்லாம ஓடினதுதான். அதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. டயரை ரிம்மிலிருந்து கழட்டச் சொல்லி உள்ளே கையைவிட்டுப் பாருங்க. கறுப்புத் தூள், சின்னச் சின்ன ரப்பர் உருண்டை கிடந்தாலோ, பக்கச் சுவர் உள்பக்கம் சுத்திலும் வளையமா உரசின தடம் இருந்தாலோ, நூல் தெரிஞ்சாலோ அந்த டயர் முடிஞ்சுது. ஆணித் துளை எவ்வளவு சின்னதா இருந்தாலும் ஒட்டக் கூடாது. ஹைவேயில் சூடு ஏறும்போது பக்கச் சுவர் கிழியும்.

உள்ளே சுத்தமா இருந்தா, உள்பக்கமிருந்து போடுற காளான் வடிவ ஒட்டு கேளுங்க. மஷ்ரூம்னு சொன்னா எந்தக் கடையிலும் புரியும். அதோட காம்பு துளையை அடைக்குது, தலை உள்பக்கம் ஒட்டி காற்றைத் தடுக்குது. வெளியிலிருந்து ஊசியால குத்தி இறக்குற ரப்பர் கயிறு காற்றை நிறுத்தும், ஆனா அதுக்கு டயரைக் கழட்ட மாட்டாங்க, உள்ளே என்ன ஆகியிருக்குன்னு யாருக்கும் தெரியாது. 350 கி.மீ. பயணத்துக்கு முன்னாடி அதை ஏத்துக்காதீங்க. ஒட்டின பிறகு பேலன்சிங் செய்யச் சொல்லுங்க.

புதுசு வாங்கணும்னா 185/60 ஆர்15 அலையாம கிடைக்கிற அளவுதான். பக்கச் சுவர்ல தயாரிச்ச தேதியா நாலு எண் இருக்கும், முதல் ரெண்டு எண் எத்தனாவது வாரம், அடுத்த ரெண்டு எண் எந்த வருஷம். மற்ற டயர்கள் பாதிக்கு மேல தேய்ஞ்சிருந்தா ஒண்ணு மட்டும் வாங்காம ஜோடியா வாங்கி, புதுசு ரெண்டையும் பின்னாடி போடுங்க. மழை ரோட்டில் பின்பக்கம் வழுக்கினா காரைத் திருப்பிப் பிடிக்கிறது கஷ்டம்.


மாலா (கிள்ளான்) – ஞாயிறு, காலை 7:05

இதே திரியில் கேட்டுக்கிறேன். எங்க காருக்கு முழு அளவு ஸ்பேர், ஆனா அளவு 175/65 ஆர்14. ஓடுறது 185/55 ஆர்15. இதுக்கும் 80 கி.மீ. எல்லை இருக்கா?


லோகன் (பெட்டாலிங் ஜெயா) – காலை 7:30

அக்கா, ரிம் அளவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மொத்த விட்டத்தைப் பாருங்க. 175/65 ஆர்14 கணக்கு 583 மி.மீ., 185/55 ஆர்15 கணக்கு 584.5. வித்தியாசம் ஒன்றரை மி.மீ.தான், டிஃபரன்ஷியலுக்கு இது ஒண்ணுமே இல்லை. எண்ணுக்கு முன்னாடி டி எழுத்து (தற்காலிக ஸ்பேருக்கான குறி) இல்லைன்னா அது சாதாரண டயர்தான், காற்றும் சாதாரண அளவு அடிச்சா போதும். ரிம்மில் 80 ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா மட்டும் அதை மதிக்கணும். ஆனா ரெண்டு டயரோட அகலமும் பிடிப்பும் வேற வேற, அதனால 90க்குள்ள ஓட்டி, ரெண்டு மூணு நாள்ல சரியானதை மாட்டிடுங்க.

முழு அளவு ஸ்பேருக்கு எதிரி வயசு. ட்ரெட் புதுசா தெரியும், ரப்பர் காய்ஞ்சு போயிருக்கும். தேதி எண்ணைப் பாருங்க. பத்து வருஷம் தாண்டியிருந்தா பட்டை எவ்வளவு இருந்தாலும் தூக்கிப் போடணும். ஆறு வருஷத்துக்கு மேலன்னா பக்கச் சுவர்ல மயிரிழை வெடிப்பு இருக்கான்னு வெளிச்சத்தில் பார்க்கணும்.


யோகேஸ் (செந்தூல்) – காலை 10:10

கடையில கழட்டிப் பார்த்தாச்சு. உள்ளே கறுப்புத் தூள், சுத்திலும் வளையத் தடம். ரெண்டு புது டயர் பின்னாடி, பழைய நல்லது ரெண்டும் முன்னாடி. விளக்கு அணைஞ்சுடுச்சு. நட்டு கூம்பு வகைதான், ஸ்பேர்ல சரியாத்தான் உட்கார்ந்திருந்தது. இப்போ கிளம்பப் போறோம். வழியில் இன்னொரு தடவை பஞ்சர் ஆனா என்ன செய்யணும்னு யாராவது சுருக்கமா சொல்லுங்க.


வாசுகி (பிறை) – காலை 10:25

ஹைவேயில் பஞ்சர் ஆனா பிரேக்கை அழுத்தி மிதிக்காதீங்க. ஸ்டீயரிங்கை நேராப் பிடிச்சு, காலை எடுத்து வேகம் குறையவிட்டு, இடதுபக்க அவசரத் தடத்தில் ஏத்துங்க. பக்கத்தில் ஓய்விடமோ டோலோ இருந்தா அபாய விளக்கு போட்டு ஊர்ந்தே போயிடுங்க. டயர் போனா போகட்டும், ரிம்மே வளைஞ்சாலும் பரவாயில்லை.

அவசரத் தடத்தில் நிக்க வேண்டி வந்தா எல்லாரும் இடதுபக்கக் கதவு வழியா இறங்கி, தடுப்புக் கம்பிக்கு அந்தப்பக்கம் போய் நிக்கணும். பிள்ளைகளைக் காரில் உட்கார வைக்காதீங்க. ஹைவே நிறுவனமான பிளஸ் உதவி எண் 1800-88-0000, கூப்பிட்டு கி.மீ. பலகையில் உள்ள எண்ணையும் எந்தத் திசையில் போறீங்கன்னும் சொல்லுங்க. ரோந்து வண்டி வந்து கூம்பு வைச்ச பிறகுதான் ஜேக். வலதுபக்க டயரா இருந்தா நீங்களே மாத்தவே வேண்டாம், குனிஞ்சிருக்கிற முதுகுக்குப் பக்கத்திலேயே லாரி போகும்.

மாத்தும்போது கியர் 'பி'யில், கைப்பிரேக் போட்டு, தூக்குற சக்கரத்துக்கு மூலைவிட்டமா இருக்கிற சக்கரத்துக்குக் கல் அணை கொடுங்க. தூக்குறதுக்கு முன்னாடியே நட்டை அரைச் சுற்று தளர்த்திடணும். ஜேக்கை அடிச்சட்டத்தில் வெட்டு போட்ட இடத்தில்தான் வைக்கணும், வேற இடத்தில் வைச்சா தகடு நசுங்கி ஜேக் சரியும். ஸ்பேரைக் காரடியில் சட்டத்துக்குக் கீழே படுக்கப் போட்டு வைச்சா, ஜேக் சரிஞ்சாலும் கார் டயர் மேல்தான் உட்காரும்.

ரிம் ஹப்போட துருப்பிடிச்சு ஒட்டிக்கிட்டு வரலைன்னா, ஜேக்ல நிக்கும்போது உதைக்காதீங்க. ரெண்டு நட்டை லேசா ஏத்தி, காரை இறக்கி, முன்னும் பின்னும் ஒரு அடி நகர்த்தினா விட்டுடும். புது டயர் போட்ட இன்னைக்கே கடைக்காரர்கிட்ட ஹப் முகத்தைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கச் சொல்லியிருந்தா நல்லது.


சுப்ரா (டயர் கடை, ஜாலான் ஈப்போ) – காலை 10:40

கிளம்புறதுக்கு முன்னாடி ஸ்பேரைப் பூட்டில் போடும்போது காற்று வால்வு மேலே பார்க்கிற மாதிரி வைச்சு, நடு போல்ட்டை முடுக்குங்க. அப்பத்தான் ஒவ்வொரு தடவை மற்ற டயருக்குக் காற்று அடிக்கும்போதும் அதைக் கழட்டாமலேயே 60 இருக்கான்னு பார்க்க முடியும். வால்வு மூடி இருக்கான்னும் பாருங்க.

புது டயர் மாட்டின கடையில் காற்றுத் துப்பாக்கி வைச்சு நட்டு அடிச்சிருந்தா, ஓய்விடத்தில் நிக்கும்போது எல் ஸ்பானர் போட்டு ஒரு தடவை தொட்டுப் பாருங்க. 50 கி.மீ. ஓடின பிறகு வர்ற ஓய்விடம்தான் அதுக்கு ஏற்ற இடம். டயர் பட்டையில் புதுசுக்கே உரிய வழவழப்பு முதல் நூறு இருநூறு கி.மீ.க்கு இருக்கும். மழை வந்தா அந்தத் தூரத்துக்கு இடைவெளி கூடுதலா விட்டு ஓட்டுங்க.